கம்பியில் ஓடிய பழி

ஓர் ஏரியின் நடுவே மண்திட்டு ஒன்று இருந்தது. அதில் கோரைப்புல்லை மடக்கிக் கூடு கட்டி, ஐந்து முட்டைகளை அடைகாத்துவந்தது செம்மூக்கி என்ற தாழைக்கோழி. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை அதற்குப் பயமில்லை. ஆனால் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. கரையில் ஒரு நரி தினமும் வந்து திட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

தண்ணீர் ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியும். ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலை ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பைகளும் அடைத்துக் கிடந்தன.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. கரையிலிருந்து மேட்டுக்காடு வரை போகும் மின்கம்பியில் மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். யாராவது ஒன்று சொன்னால் அதை ஒன்றுக்கொன்று கடத்தி, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாருக்கும் பரப்பிவிடும். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் இந்த மைனாக்களுக்கு ஒரு கெட்ட குணம். சுருக்கென்று தைக்கிற பேச்சை மூன்று சுற்று விடும். சாதாரணப் பேச்சு என்றால் பாதியிலேயே கொட்டாவி விடும்.

“வாய்க்கால் அடைச்சிருக்கு, வந்து பாருங்க” என்றது செம்மூக்கி. அது நாலாவது மைனாவோடு நின்றுபோனது.

“நாரைக் கூட்டம்தான் ஏரியைக் குடிச்சே தீர்த்துடுச்சு!” என்றது காக்கை. அது ஏரியை மூன்று முறை சுற்றியது. நாரைகள் திருப்பித் திட்டின. இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

செம்மூக்கிக்குப் பொறுக்கவில்லை. நாமும் காரமாகச் சொன்னால்தான் காதில் ஏறும் என்று நினைத்தது. பாவம், முட்டையை நினைத்துத் தவிக்கிற தாய்க்கு நிதானம் எங்கே இருக்கும்?

“ஏரியைக் கலக்கிச் சேறாக்குற எருமைதான் எல்லாத்துக்கும் காரணம்!” என்று கத்தியது.

மைனாக்களுக்கு ஒரே குஷி. தவளை முதல் நாரை வரை எருமையை ஏசாதவர் இல்லை. காரான் என்ற அந்த எருமை எழுந்து, கரையேறி, மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் செம்மூக்கிக்கு உறைத்தது. அந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிற பலம் காரானைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

மறுநாள் செம்மூக்கி இரை தேடித் திரும்பியபோது, நரி சேற்றில் நடந்தே திட்டுக்கு வந்திருந்தது. இரண்டு முட்டைகளைத் தின்று முடித்து வாயை நக்கியது.

“மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனது.

செம்மூக்கி அழுதது. பிறகு நேரே கம்பிக்கடியில் போய் நின்றது.

“காரான் அண்ணே, நான் சொன்னது பொய். எல்லாரும் கேட்கணும்னே உங்க மேல பழியைப் போட்டேன். மன்னிச்சிடுங்க. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை வேரை நான் கொத்தி அறுக்கறேன். நீங்க இழுத்துப் போட முடியுமா? மத்தவங்களும் உங்களால என்ன ஆகும்னு சொல்லுங்க.”

“இதுல காரமே இல்லையே” என்றது முதல் மைனா.

“ஏரி வத்திப்போனா உனக்குப் புழு பூச்சி ஏது? தயவுசெஞ்சு கடத்து.”

மைனா கீழே பார்த்தது. வெடித்துக் கிடந்த சேறு தெரிந்தது. அந்தப் பேச்சை அப்படியே கடத்தியது.

கடைசியில் மேட்டுக்காட்டிலிருந்து காரானின் பதில் வந்தது.

“எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆனாலும் வர்றேன்.”

“ஆனா இந்த நாரைங்க...” என்று ஆரம்பித்தது காக்கை.

“உன்னால என்ன ஆகும்? அதைச் சொல்லு, கடத்தறோம்” என்றது மைனா.

“பையெல்லாம் நான் பொறுக்கறேன்” என்றது காக்கை. நாரைகளும் கூட வந்தன.

பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் திறந்தது. மறுநாள் நரி வந்தபோது தண்ணீர் அதன் கழுத்துக்கு ஏறியது. அது திரும்பிப் போய்விட்டது. செம்மூக்கி மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் ஐந்தும் இருந்திருக்குமே என்று அதன் மனம் அடித்துக்கொண்டது.

நாம் வாழும் இடத்தைக் காப்பாற்றப் பேச வந்தால், பிறர்மேல் பழி போடாமல் நம்மால் ஆவதை முதலில் சொல்ல வேண்டும்.