காலில் சுற்றிய கொடி

உக்ரைன் காட்டோரம் ஒரு குட்டிக் குடியரசு, ஜெர்மன் பட்டாளத்தை விரட்டிவிட்டு நாற்பது நாள் தன்னைத்தானே ஆண்டது. நாற்பத்தோராம் நாள் பட்டாளம் திரும்பி வந்துவிட்டது.

"உங்கள் கொடியை மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். மத்தியானத்துக்குள் வராவிட்டால் ஊரையே கொளுத்துவேன்!" என்றான் கேப்டன், வந்த இரண்டாம் நாள் காலையில்.

துணி வெளுக்கும் மோத்ரியா முன்னால் வந்தாள். "கொடி உங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. பூட்ஸுக்குள் சுற்றத் துணி வேண்டுமென்று நேற்று அடித்தீர்களே? ஊரில் மிஞ்சிய துணி அது ஒன்றுதான். சாம்பல்நீரில் வெளுத்துக் கிழித்தேன். பெரிய கொடி, இருபது காலுக்கு வந்தது."

கேப்டன் ஒரு சிப்பாயின் பூட்ஸைக் கழற்றச் சொன்னான். கால்துணியின் ஓரத்தில் கொடியின் பூத்தையல் அப்படியே இருந்தது.

"கொளுத்தினால் மேலிடம் காரணம் கேட்குமே, ஐயா. எதிரியின் கொடியைச் சுற்றிக்கொண்டுதான் என் படை நடக்கிறது என்று எழுதுவீர்களா?"

மறுநாள் ஊரைக் கொளுத்தாமலே படை கிளம்பியது. கடைசிப் பூட்ஸ் மறையும்வரை ஊரே தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து நின்றது. சிப்பாய்கள் அதைத் தங்களுக்கான மரியாதை என்று நினைத்தார்கள். கேப்டன் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.