பல் பதித்த கிளை

மழை மூன்று மாதம் தள்ளிப்போன ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரே ஒரு குட்டைதான் வற்றாமல் மிச்சமிருந்தது. அதன் கரையில் உயரமான மருத மரம் ஒன்று நின்றது. மரத்தின் உச்சிக் கிளையில் காரி என்ற கருமந்தி காவல் இருந்தாள்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காரி இரண்டு முறை கூவினால் எல்லாரும் வரலாம். ஒரு முறை செருமினால் எல்லாரும் ஓட வேண்டும். மானோ பன்றியோ முயலோ, அவள் குரல் கேட்காமல் யாரும் குட்டையில் வாய் வைப்பதில்லை. எதிர்க்கரையில் மூங்கில் காடு. அதற்குள் ஒரு சிறுத்தை இருந்தது.

காரிக்கு ஒரு நோய் உண்டு. அதை அவள் மறைத்ததில்லை. சில காலம் அவள் மனம் அடுப்பில் ஏற்றிய பானைபோல் கொதிக்கும். தூக்கம் போய்விடும். பேச்சு நிற்காது. காடே தன் கைக்குள் அடக்கம் என்று தோன்றும். கொதிப்பு அடங்கிய பிறகு எல்லாம் தலைகீழாகும். மரப்பொந்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தளிர்கூடத் தின்னாமல், நாள்கணக்கில் கிடப்பாள்.

போன கோடையில் அப்படி ஒரு கொதிப்பின்போது, தன்னைக் கண்டு பயந்து சிறுத்தை காட்டைவிட்டே ஓடிவிட்டது என்று காரி அறிவித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு முறை கூவினாள். பொட்டம்மா என்ற புள்ளிமானின் கன்று எல்லாருக்கும் முன்னால் துள்ளிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியது. அது திரும்பி வரவில்லை.

மனம் தெளிந்த பிறகு ஒரு நாள், காரி தன் தோழி செம்பியைத் தேடிப் போனாள். செம்பி ஒரு மலையணில். எதிலும் ஒழுங்கு பார்ப்பவள். பொழுது சாய்வதற்குள் கூடு திரும்பிவிடுவாள். கையில் எடுத்த பழத்தைக் கொட்டை தெரியும்வரை தின்னாமல் கீழே போடமாட்டாள்.

"எனக்குக் கொதிப்பு வந்தால் அது கொதிப்பு என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்," என்றாள் காரி. "அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள். தொடர்ந்து இரண்டு இரவு நான் தூங்காமல் இருப்பது ஒன்று. கடித்த தளிரை முடிக்காமல் எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிப்பது ஒன்று. கொதிப்பு வராமலிருக்க நான் அந்தியில் மெல்லுகிற கசப்புப் பட்டையை இனி வேண்டாம் என்று சொல்வது ஒன்று. மூன்றில் இரண்டைக் கண்டாலே போதும், என் முன்னால் வந்து நில். காவலை உன்னிடம் விட்டு நான் இறங்கிவிட வேண்டும்."

"இறங்க மாட்டேன் என்றால்?"

காரி ஒரு சிறு கிளையை ஒடித்தாள். அதை வாயில் வைத்து ஆழமாகக் கடித்தாள். சின்ன வயதில் நடந்த சண்டையில் அவளுடைய கோரைப்பல் ஒன்று முனை உடைந்திருந்தது. அந்த உடைந்த முனையும் மரத்தில் அப்படியே பதிந்தது.

"இதைக் காட்டு. வாதாட மட்டும் செய்யாதே. வாதத்தில் நான் ஜெயித்துவிடுவேன்."

செம்பி அந்தக் கிளையைக் கொண்டுபோய்த் தன் கூட்டுச் சுவரில் செருகி வைத்தாள்.

இந்தக் கோடை போனதைவிடக் கொடியதாக இருந்தது. காரியோடு முறை மாற்றிக் காவல் இருந்த கிழமந்தி, தளிர் தேடித் தன் கூட்டத்தோடு வடக்கே போய்விட்டது. பாதி நாள் காவல் முழு நாள் ஆனது. விடிவதற்கு முன்பே வரவேண்டும் என்று மான்கள் கேட்டன. உச்சி வெயிலிலும் இருக்கவேண்டும் என்று காட்டுப்பன்றி கேட்டது. இருட்டிய பிறகும் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று முயல்கள் கேட்டன. காரி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவள் தின்றாளா, கண்ணை மூடினாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓயாமல் உழைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் கூட்டம் அந்த ஆளைப் புகழும். ஓய்வெடு என்று மட்டும் சொல்லாது.

இருபது நாள் இப்படிப் போனது. இருபத்தோராம் நாள் விடிந்தபோது காரிக்கு உடம்பு பஞ்சாகிவிட்டதுபோல் இருந்தது. களைப்பு போன இடம் தெரியவில்லை. எதிர்க்கரை இலைகளின் நரம்புகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு நினைப்பு முடிவதற்குள் பத்து நினைப்பு வந்தது, பத்தும் நல்லதாகவே இருந்தது. இத்தனை நாளும் அரைத் தூக்கத்தில் அல்லவா வாழ்ந்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். அன்று அந்தியில் பட்டையை மெல்லவில்லை. அன்று இரவும் தூங்கவில்லை, அடுத்த இரவும் தூங்கவில்லை.

இதை முதலில் கண்டுகொண்டவன் ஊளையன் என்ற நரி. சிறுத்தை தின்றுவிட்டுப் போட்ட மிச்சம்தான் அவனுக்குச் சாப்பாடு. காரியின் காவலால் இருபது நாளாகச் சிறுத்தைக்கு இரை இல்லை. எனவே அவனுக்கும் இல்லை. அவன் மருத மரத்தடிக்கு வந்து, அக்கா அக்கா என்று குழைந்தான். இந்தக் காட்டில் அக்காவைப் போல் உழைக்க யாருண்டு என்றான். மூங்கில் காட்டுக்கு அப்பால் ஓர் ஓடை ததும்பி ஓடுகிறது என்றான்.

"இத்தனை பெரிய கண்ணை வைத்துக்கொண்டு குட்டைக்குக் காவல் காப்பதா அக்கா? நீங்கள் முன்னால் நடக்க வேண்டியவர்."

காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து ஊளையன் நேராகச் சிறுத்தையிடம் போனான். இன்று பிற்பகல் மொத்தக் கூட்டமும் மூங்கில் பாதையில் வரும், இடுக்கில் படுத்திரு, முதல் காலடிச் சத்தம் கேட்டதும் பாய்ந்துவிடு என்று சொல்லி வைத்தான். சிறுத்தை எழுந்து போய் இடுக்கில் படுத்தது.

நண்பகலில் காரி எல்லாரையும் மரத்தடிக்கு அழைத்துப் பேசினாள். அப்படி ஒரு பேச்சை அந்தக் காடு கேட்டதில்லை. வற்றப்போகிற குட்டையைச் சுற்றி வந்து சாவதா என்று கேட்டாள். சிறுத்தைக்குத் தன் குரல் ஒன்று போதும், வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும் என்றாள். ஓடையையும் அதன் கரைப் புல்லையும் நேரில் கண்டவள்போல் விவரித்தாள். பன்றி காலால் மண்ணைக் கிளறியது. முயல்கள் குதித்தன. பொட்டம்மா மட்டும் காதை விடைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவளுக்கும் நாக்கு வறண்டிருந்தது. மருத மரத்தின் நிழல் எதிரே இருக்கும் வெள்ளைப் பாறையைத் தொடும்போது காரி இரண்டு முறை கூவுவது, உடனே எல்லாரும் மூங்கில் காட்டுக்குள் இறங்குவது என்று முடிவாயிற்று.

நிழல் பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது செம்பி வாயில் ஒரு கிளையைக் கவ்விக்கொண்டு மரம் ஏறினாள். அடிமரத்தைச் சுற்றிலும் ஒற்றைக் கடி கடித்து எறிந்த தளிர்கள் குவிந்து கிடந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினாள்.

காரி அவளைக் கண்டதும், நல்ல நேரத்தில் வந்தாய் என்று தொடங்கி, ஓடையைப் பற்றியும், ஓடைக்கு அப்பால் இருக்கும் மலையைப் பற்றியும், மலையில் காவல் மரங்களை எங்கெங்கே வைப்பது என்பதைப் பற்றியும் மூச்சு விடாமல் சொன்னாள். செம்பி அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"நேற்று தூங்கினாயா?"

"தூக்கம் எனக்குத் தேவையே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்."

"முந்தாநாள்?"

காரி ஒரு தளிரைப் பறித்து, ஒற்றைக் கடி கடித்து எறிந்தாள்.

"பட்டை?"

"அது கண்ணை மங்கவைக்கிறது. காவல்காரிக்குக் கண் வேண்டாமா?" என்றாள் காரி. "நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. போன வருஷம் வந்தது கொதிப்பு. இது அதில்லை செம்பி. இது தெளிவு."

செம்பி கிளையை அவள் முன்னால் வைத்தாள்.

கீழே நின்ற பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அணிலுக்கு வாலைவிட அதிகாரம் நீளமாகிவிட்டது என்றது. முயல்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு காரிக்கு வேகம் கொடுத்தது.

"உனக்குப் பொறாமை," என்றாள். "கொட்டை கொறிக்கத் தெரிந்தவளுக்குக் கூட்டத்தை நடத்துவது பற்றி என்ன தெரியும்? உன் கூட்டுக்கு அப்பால் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கிறாயா?"

செம்பி கிளையை இன்னும் அருகே தள்ளினாள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றாள். "வாதாடாதே என்று சொன்னது நீ. கிளையை எடுத்துப் பார்."

காரி அதைத் தூக்கி எறியத்தான் எடுத்தாள். விரல் ஒரு பள்ளத்தில் பதிந்தது. பக்கத்தில் இன்னொரு பள்ளம். அதன் நுனி கூராக இல்லை, உடைந்திருந்தது. எறிய ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் கிளையை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் பள்ளத்தில் அப்படியே பொருந்தியது. மற்றவர்கள் பொய் சொல்லலாம். இந்தப் பல் அவளுடையது.

"அக்கா," என்று கீழிருந்து ஊளையன் அழைத்தான். "நிழல் பாறையைத் தொட்டுவிட்டது. இரண்டே கூவல்தான்."

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. கூவல் காரியின் தொண்டைவரை வந்து முட்டியது. வாயைத் திறந்தால் போதும். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளை அண்ணாந்து பார்த்ததே இல்லை. தான் சொல்வது சரி என்பதில் அவளுக்கு இம்மிகூடச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கன்று ஓடிய நாளிலும் அவளுக்கு இம்மி சந்தேகம் இருந்ததில்லை. அன்றைய நிச்சயத்தையும் இன்றைய நிச்சயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நான் சொல்வது சரியாக இருந்தால்?" என்று மெல்லக் கேட்டாள்.

"சரியான வழி நாலு நாள் கழித்தும் சரியாகத்தான் இருக்கும். தூங்கி எழுந்து சொல்."

"எனக்கு இப்போதும் நான் சொல்வதே சரி என்றுதான் தோன்றுகிறது, செம்பி."

"தோன்றட்டும். இறங்கு."

காரி அந்தக் கிளையைக் கையில் இறுக்கியபடி இறங்கினாள். ஒவ்வொரு கிளையும் அவளைப் பிடித்து மேலே இழுப்பதுபோல் இருந்தது. தொண்டையில் அந்த இரண்டு கூவல்களும் முட்டிக்கொண்டே இருந்தன. தரையில் கால் வைத்ததும், ஊரைக் கூட்டிவிட்டு ஓடுகிறாளே என்று பன்றி இளக்காரமாகச் சொன்னது. முயல்கள் முணுமுணுத்தன. பொட்டம்மா அவளை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டாள்.

"போ, காரி. போய்ப் படு."

ஊளையனுக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு தூரம் வந்தது இப்படிப் போய்விட விடலாமா? "ஒரு குரங்கு இல்லாவிட்டால் நடக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். "நான் முன்னால் போகிறேன், என் பின்னால் வாருங்கள்."

நாலடி உள்ளே போய் ஒதுங்கிக்கொள்வது, பின்னால் வருகிறவர்களைச் சிறுத்தைக்கு விட்டுவிடுவது. அதுதான் அவன் கணக்கு. பன்றி அவன் பின்னால் கிளம்பியது. ஊளையன் மூங்கிலுக்குள் காலை வைத்தான்.

உச்சிக் கிளையில் இப்போது செம்பி இருந்தாள். காற்றே இல்லாத நேரத்தில் ஒரு மூங்கில் நுனி மட்டும் அசைவதை அவள் கண்டாள். தன் சின்னத் தொண்டை கிழிய அவள் கடகடவென்று கத்தினாள். பன்றி நின்ற இடத்திலேயே திரும்பியது. மான்கள் நாலு பக்கமும் சிதறின.

முதல் காலடிச் சத்தத்துக்காகத்தான் சிறுத்தை காத்திருந்தது. அது யாருடைய கால் என்று அது பார்க்கவில்லை. இருபது நாள் பசி எதையும் பார்க்காது. மூங்கிலுக்குள்ளிருந்து ஊளையனின் குரல் ஒரே ஒரு முறை கேட்டது.

காரி இதையெல்லாம் பார்க்கவில்லை. அடர்ந்த நிழலில் இருந்த பொந்துக்குள், கசப்புப் பட்டையை மென்றுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. பிறகு அந்த மற்றக் காலமும் வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கிடந்தாள். செம்பி தினமும் ஒரு தளிரைப் பொந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சில நாள் தளிர் அப்படியே கிடந்து வாடியது. ஒரு நாள் அதில் பாதி இல்லை. அதற்குப் பல நாள் கழித்து ஒரு காலை, வாசல் வெறுமையாக இருந்தது.

காரி மரத்தடிக்குத் திரும்பி வந்தபோது குட்டையில் சேறு போக ஒரு முழம் தண்ணீர் இருந்தது. எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பன்றி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விடியலுக்கு முன்பே காவலுக்கு வந்தால் சௌகரியமாக இருக்கும் என்று தொடங்கியது.

"காலையில் பாதி நாள் நான். மீதிப் பாதி செம்பி," என்றாள் காரி. "பொழுது சாய்ந்தால் யார் கூப்பிட்டாலும் மரம் ஏறமாட்டேன். இருட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் உன் மூக்கை வைத்துக்கொண்டு நீ காவல் நில்."

பன்றி பொட்டம்மாவைப் பார்த்தது. பொட்டம்மா, சரியாகத்தானே சொல்கிறாள் என்றாள். அன்று முதல் பன்றிகள் முறை வைத்துக்கொண்டு நின்றன.

காரி அந்தப் பல் பதித்த கிளையைக் கொண்டுபோய்ச் செம்பியின் கையில் கொடுத்தாள்.

"இனி இது எதற்கு?" என்றாள் செம்பி.

"பத்திரமாக வை," என்றாள் காரி. "மறுபடியும் வேண்டியிருக்கும்."

நீதி: மனம் தெளிந்திருக்கும்போது கொடுத்த வாக்கை, மனம் கொதிக்கும்போதும் காப்பாற்றுகிறவரே வீரர்.