நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

பூங்கோதையிடம் தமிழ் சப்டைட்டில் எழுதக் கற்றுக்கொண்ட நால்வரில் மாசிலாமணி மட்டும் ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். எதற்கும் மூலம் எது என்று கேட்கும் வியாதியும் அவருக்கு மட்டும்தான். ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். ரோஜாவைக்கூடக் குடும்பப் பெயர் விசாரித்துவிட்டுத்தான் முகர்வார்.

அன்று பிற்பகல் அவர் எழுதி முடித்தது ஓர் ஆங்கிலப் படத்துக்கு. பழைய கிரேக்கக் கதை, இன்றைய உடுப்பில். செத்த மனைவியை மீட்கப் பாணன் பாதாளத்துக்குப் போகிறான். வெளியேறும்வரை பின்னால் வருபவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

"படம் எப்படி சார்?"

"பாதி பிடிச்சுது டீச்சர். பாதி எரிச்சல்."

"எரிச்சல் எதுல?"

"மூலத்துல அவ கூப்பிடவே இல்ல. இவன்தான் அவசரக்குடுக்கை. இங்க அவளே பின்னாலேர்ந்து கூப்பிடுறா. எவன் திரும்பாம இருப்பான்? கதையையே கெடுத்துட்டாங்க."

"பிடிச்சது?"

"அதேதான்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அவன் மேல தப்பில்லன்னு ஆகுது இல்ல?"

பூங்கோதை வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் நின்றாள். *என்னங்க.*

"இதுக்கு ஆங்கிலத்துல என்ன சொல்றா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். எவ்வளவு தேடியும் அந்தக் குரல் தமிழிலேயே நினைவுக்கு வந்தது.

அவள் காட்சியை ஓடவிட்டாள். சுரங்கம். அவன் காலடி. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் வரும் பெண்ணின் உதடுகள் மூடியிருந்தன. அடியில் மஞ்சள் எழுத்தில் *என்னங்க*. பாணன் திரும்பினான்.

யாரும் கூப்பிடவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

மூன்று தடவை போட்டாள். ஒலியைக் கூட்டியும் போட்டாள். தண்ணீர்தான் சொட்டியது.

"என் வீட்டுக்காரி போய் மூணு வருஷமாச்சு," என்றார் மாசிலாமணி. "சுடுகாட்டுல தோள்ல குடம். ஓட்டை வழியா தண்ணி சொட்டச் சொட்டச் சுத்தி வந்து, உடைச்சு, புறங்கையால கொள்ளி வச்சேன். திரும்பிப் பார்க்காம நடன்னாங்க. நாலு எட்டுதான் நடந்தேன். பின்னால, என்னங்கன்னு..."

"திரும்பிட்டீங்க."

"கூப்பிட்டா டீச்சர்! கூப்பிடாம நான் திரும்புவேனா? அன்னியிலேர்ந்து வீட்டுல எங்க நடந்தாலும் எனக்குப் பின்னால ஒரு எட்டு தள்ளி..."

பூங்கோதை படத்தை நிறுத்தினாள். சொட்டுவது நிற்கவில்லை.

இருவருக்கும் அது கேட்டது.

"சாயங்காலம் படத்தை அனுப்பணும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்தார். "எடுத்துட்டா, அவ கூப்பிடவே இல்லன்னு ஆயிடும். இந்த வரி இருக்கட்டுமா, எடுத்துடவா?"

"அது யாரோட வார்த்தையோ அவங்களைக் கேளுங்க சார். இந்தத் தடவை திரும்பாம கேளுங்க."