பரவாயில்ல

"எத்தனை தடவைங்க சொல்றது? கையெழுத்தப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க. பினாங்குல கடை முதலாளி காத்துக்கிட்டிருக்காரு."

போனில் திருச்சி ஏஜென்ட் குணாளன். கையில் ஒப்பந்தத்தோடு இருளப்பன்.

"இல்ல சார், பரோட்டா மாஸ்டர் வேலைன்னுதான சொன்னீங்க? இதுல 'சமையல்கட்டு உதவியாள், முதலாளி சொல்லும் இதர வேலைகள்'னு போட்டிருக்கு."

"அதெல்லாம் பேருக்குப் போடுறதுங்க."

"அப்படிங்களா? பரவாயில்ல சார்."

போனை வைத்துவிட்டுக் காகிதத்தை மறுபடி படித்தான். ரெண்டு வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டால் நடுவில் திரும்ப முடியாது.

இருளப்பன் நல்லவன். அதுதான் தொல்லை. பஸ்ஸில் எவனாவது அவன் காலை மிதித்தால், மிதித்தவனிடம் இவன் மன்னிப்புக் கேட்பான். ஆனால் மாஸ்டராகப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மச்சினன் சக்கரம் வைத்த பெட்டிகூட வாங்கி வந்துவிட்டான்.

நேராக ஜைலானியின் கடைக்குப் போனான். கொத்தனார் வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்குப் பரோட்டா போடக் கற்றுக்கொடுத்தது ஜைலானிதான். வயதில் இருளப்பனைவிடச் சின்னவன். அதனால் சீடன் குருவை "மாஸ்டர்" என்பான், குரு சீடனை "அண்ணே" என்பான். பரமக்குடியில் யாரும் இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. முதலில் சிரித்தார்கள்தான்.

மத்தியான வேளை, கடையில் கூட்டமில்லை. ஜைலானி மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டான். மாவை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, ஒரு டீ கொண்டுவந்து வைத்தான்.

"சீனி போட மறந்துட்டேன்ணே."

"பரவாயில்ல மாஸ்டர்."

காலையில் போட்ட பரோட்டா ரெண்டு வந்தது. ஆறி, விறைத்திருந்தது.

"சால்னா தீந்துருச்சு."

"பரவாயில்ல மாஸ்டர்."

தண்ணீர் தொட்டு விழுங்கினான்.

"தட்டு கழுவுற ஆள் இன்னிக்கு வரலண்ணே. நீங்க கொஞ்சம்..."

"பரவாயில்ல, குடுங்க."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிமுன் உட்கார்ந்தான். பாதித் தட்டு கழுவிய பிறகுதான் உறைத்தது.

"மாஸ்டர், நான் ஒரு கேள்வி கேக்க வந்தேன். நீங்க என்னடான்னா என்னைத் தட்டு கழுவ விட்டுட்டீங்க."

"நானா விட்டேன்?"

இருளப்பன் கையில் இருந்த தட்டைப் பார்த்தான். சோப்பு நுரை வழிந்தது.

"அப்ப என்ன சொல்லணும்? சண்டை போடச் சொல்றீங்களா? எனக்கு அது வராது மாஸ்டர்."

"மாவு பிசைஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"ஊற விடுவேன்."

"விடாம வீசுனா?"

"கிழியும். மொத நாள் கிழிச்சேனே. நீங்ககூட 'எங்கப்பன் சட்டைய விட மோசமாக் கிழிஞ்சிருக்கு'ன்னீங்க."

"ஊறுறப்ப நடுநடுவுல துணியத் தூக்கித் தூக்கிப் பாப்பீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அதுபாட்டுக்கு ஊறும்."

"அம்புட்டுதான். போனைப் போடுங்க."

இருளப்பனின் கை முழுக்க நுரை. ஜைலானியே நம்பரைப் போட்டு, அவன் காதில் போனைப் பிடித்துக்கொண்டான்.

"சார், இருளப்பன் பேசுறேன். பரோட்டா மாஸ்டர்னு எழுதணும். இதர வேலைங்கிறத எடுக்கணும். மாத்திக் குடுத்தா கையெழுத்துப் போடுறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருளப்பனுக்கு நாக்கு துறுதுறுத்தது. தப்பா நினைச்சுக்காதீங்க சார் என்று ஆரம்பிக்கப் பார்த்தான். ஜைலானி மாவின் மேலிருந்த துணியைக் காட்டினான். இருளப்பனின் வாய் மூடிக்கொண்டது.

"உங்களுக்குப் பின்னாடி பத்துப் பேர் நிக்கிறான் தெரியுமா?" என்றார் குணாளன்.

இருளப்பன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் சொட்டியது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

பெருமூச்சு கேட்டது. காகிதம் புரளும் சத்தம். யாரிடமோ என்னவோ கேட்டார். பிறகு குரல் இறங்கி வந்தது.

"சரிங்க. மாஸ்டர்னே போடச் சொல்றேன். பரோட்டாவுக்கு அங்க ஆள் கிடைக்கலதான். ஆனா அந்த 'இதர வேலைகள்' மட்டும் ஓரமா இருந்துட்டுப் போகட்டும். என்ன? பரவாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே முடிச்சிடலாம்."

வார்த்தை தொண்டை வரை வந்தது. முப்பது வருஷப் பழக்கம், வராமல் என்ன செய்யும்?

ஜைலானி போனைப் பிடித்தபடி நின்றான். துணிக்கடியில் மாவு ஊறிக்கொண்டிருந்தது.

இருளப்பன் சொல்லவில்லை.