கரிச்சான் இருமிய இருமல்

ஆற்றங்கரை அத்திமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம். அதற்கு மேல் கிளையில் துடுக்கன் என்ற கரிச்சான் குருவி. கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிவிடுவான். சிறுத்தைபோல் உறுமி அணில்களைச் சிதறடிப்பான். கூட்டத் தலைவன் கொம்பையன் குரலில், "எல்லாரும் கீழே இறங்குங்கடா" என்பான். இறங்கினால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஒருநாள் செவந்தி என்ற மந்தி, குட்டியை மடியில் கட்டிக்கொண்டு, தனியாக ஒதுங்கி இருமினாள்.

"என்னக்கா, தொண்டையில தவளையா?" என்றான் துடுக்கன்.

"மெதுவாப் பேசுடா. மழை விட்டதிலிருந்து இப்படித்தான். சாயங்காலமானா காய்ச்சல் வேற."

"கரடி மலையம்மாகிட்ட மருந்து இருக்கே, போக வேண்டியதுதானே?"

"போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இருமுறவங்களை ஆத்துக்கு அந்தப் பக்கம் துரத்துறதுதானே எங்க வழக்கம்? குட்டியையும் பிடுங்கிக்குவாங்க. தானா சரியாயிடும்."

துடுக்கனுக்கு ஒரே குஷி. "விடுக்கா. இனிமே உன் இருமலெல்லாம் என் இருமல்."

அன்றிலிருந்து செவந்தி இருமினால் போதும், துடுக்கன் மேலேயிருந்து அதே குரலில் இருமுவான். "இந்தக் குருவிக்கு வேற வேலையே இல்ல" என்று கூட்டம் சிரிக்கும். செவந்தியும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு எல்லாரும் வழக்கம்போல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தூங்குவார்கள்.

செவந்திக்கு விலா எலும்பு தெரிந்தது. "பழம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு காலையில் துடுக்கன் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைக் கவ்விக்கொண்டு கிளையில் வந்து உட்கார்ந்தான். கீழே ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல்.

"இன்னைக்குக் குட்டிக் குரலா? பிரமாதம்டா" என்று கொம்பையன் அண்ணாந்தான். கூட்டமும் அண்ணாந்தது. துடுக்கனின் அலகில் வெட்டுக்கிளி காலை உதைத்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு நின்றுபோனது. இருமல் மறுபடி வந்தது. செவந்தியின் மடியிலிருந்து.

வெட்டுக்கிளி கீழே விழுந்தது. "நான் இல்ல" என்றான் துடுக்கன். அது அவனுடைய சொந்தக் குரல். அதை அதுவரை செவந்தியைத் தவிர யாருமே கேட்டதில்லை. நடந்ததையெல்லாம் அந்தக் குரலிலேயே சொல்லி முடித்தான்.

கொம்பையன் பல்லைக் காட்டினான். "அம்மாவும் பிள்ளையும் இப்பவே ஆத்துக்கு அந்தப்..." முடிக்கவில்லை. இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

எல்லாக் கண்களும் மேலே போயின. துடுக்கன் அலகை இறுக மூடியிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "அதுவும் நான் இல்ல தலைவரே."

"இது... பனிக்கு வந்தது" என்றான் கொம்பையன்.

"அக்காவும் பழம் சரியில்லன்னுதான் சொன்னாங்க."

கூட்டம் மொத்தமும் கரடியின் குகைக்கு நடந்தது.

மலையம்மா ஒவ்வொரு நெஞ்சிலும் காதை வைத்தாள். செவந்தியின் நெஞ்சில் வெகுநேரம் வைத்தாள்.

"குட்டியும் தலைவரும் நல்லாயிடுவாங்க. மருந்தை ஒருநாள்கூட விடக்கூடாது. நீயும் பிழைச்சுக்குவம்மா. ஆனா ஒரு பக்க நெஞ்சு போச்சு. இனி மரத்துக்கு மரம் தாவ முடியாது. முதல்லயே வந்திருந்தா இந்த மருந்தே போதுமே, ஏன் வரலை?"

செவந்தி கொம்பையனைப் பார்த்தாள். கொம்பையன் தரையைப் பார்த்தான்.

இப்போது குட்டி மேலே தாவிப் போகிறது. செவந்தி கீழே நடந்து போகிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரையும் அனுப்புவதில்லை. எந்தக் கிளையில் யார் இருமினாலும், துடுக்கன் மலையம்மாவின் கரகரத்த குரலில் கத்துகிறான்: "வாம்மா, வந்து நெஞ்சைக் காட்டு!"

இருமலை மறைத்தால் நோய் வளரும், இருமுகிறவரை விரட்டினால் எல்லாரும் மறைப்பார்கள்.