நாகவள்ளியின் சங்கிலித் தடம்

காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே யானைகள் வேலை செய்யும் முகாம் ஒன்று இருந்தது. பகலெல்லாம் மரம் இழுத்த யானைகளைப் பொழுது சாய்ந்ததும் காட்டில் மேய விட்டுவிடுவார்கள். காலில் ஒரு நீளச் சங்கிலி மட்டும் தரையில் இழுபட்டுக்கொண்டே போகும். காலையில் பாகன் அந்தத் தடத்தைப் பிடித்துப் போய் யானையைக் கூட்டி வருவான்.

நாகவள்ளி என்ற யானையும் அப்படித்தான் மேயப் போவாள். பால் மறக்காத அவள் குட்டியும் கூடவே போகும்.

ஒரு மாலை, முகாமில் சிந்திய ராகிக் களியைத் தின்று கொழுத்த காட்டுப்பன்றி ஒன்று அவளை வழிமறித்தது.

“அக்கா, கோபப்படாமல் கேளு. இன்றைக்குப் புலி வருகிறது. உன் குட்டி வேண்டுமாம்.”

“வேண்டுமென்றால்?”

“ஓடைக்கரையில் விட்டுவிட்டு நீ பாட்டுக்கு மேயப் போ. எங்கே ஒளிந்தாலும் உன் சங்கிலித் தடம் காட்டிக்கொடுத்துவிடும். புலிக்கு அதைச் சொன்னதே நான்தான்.”

“உனக்கு என்ன லாபம்?”

“என் குட்டிகளைத் தொடாதாம். உனக்கென்ன அக்கா, காலில் இரும்பு போட்டபோதே தலையாட்டினவள் நீ. இதற்கும் ஆட்டிவிட்டுப் போயேன்.”

நாகவள்ளி காதை விசிறினாள். “மரம் இழுக்கச் சொன்னார்கள், இழுக்கிறேன். பெற்றதைத் தூக்கிக் கொடுக்கிற வேலை எனக்குத் தெரியாது. தர முடியாது என்று போய்ச் சொல்லு.”

பன்றி சிரித்துக்கொண்டே போனது.

ஓடைக்கு அப்பால், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால், மதம் பிடித்த கொம்பன் ஒருவனைத் தனியே கட்டியிருந்தார்கள். பாகன்கள்கூட எட்ட நின்றுதான் அவனுக்குத் தழை வீசுவார்கள். நாகவள்ளி குட்டியை அணைத்துக்கொண்டு, சங்கிலி கலகலக்க, நேரே அங்கே நடந்தாள். கொம்பனின் தும்பிக்கைக்குச் சற்றே எட்டாத இடத்தில் நின்றாள்.

“யாரது, சாகவா வந்தாய்?” என்று உறுமினான் கொம்பன்.

“நான் இல்லை. பின்னால் ஒருவன் வருகிறான்.”

சங்கிலியைத் தும்பிக்கையில் சுருட்டித் தூக்கினாள். குட்டியோடு ஓடையில் இறங்கித் தண்ணீருக்குள்ளேயே நடந்து போனாள். அதன்பின் தடமே இல்லை.

புலி வந்தது. தரையைப் பார்த்தபடியே புதருக்குள் நுழைந்தது. தடம் முடிந்த பிறகும் ஆசையில் இன்னும் இரண்டடி வைத்தது. நிமிர்ந்தபோது மேலே இரண்டு தந்தங்கள்! ஒரே வீச்சு. முன்னங்கால் ஒடிந்த புலி நொண்டிக்கொண்டு ஓடியது.

விடிந்ததும் பாகன் கேத்தன் தடம் பார்த்து வந்தான். அது கொம்பனிடம் முடிவதைக் கண்டு தலையில் கை வைத்தான். ஓடைக்குள்ளிருந்து நாகவள்ளி குரல் கொடுத்ததும்தான் அவனுக்கு உயிர் வந்தது. “உன்னோடு பெரிய ரோதனை” என்று அவள் காதைத் தட்டினான்.

அன்று மாலை பன்றி குட்டிகளோடு நடுங்கிக்கொண்டு வந்தது.

“அக்கா, நான்தான் ஏமாற்றினேன் என்று புலி நினைக்கிறது. என் குட்டிகளைச் சும்மா விடாதாம்.”

நாகவள்ளி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“குட்டிகள் என் வயிற்றடியில் படுக்கட்டும். நீ எட்ட நில்லு.”

காலில் கிடக்கும் சங்கிலி பிறர் போட்டதாக இருக்கலாம். அது எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.