குக்குறுவான் பட்டறைக்கும் செம்போத்து வீட்டுக்கும் நடுவே

நடுவில் ஒன்றும் இல்லை. கோளாறு அதுதான்.

பறவைகள் வாய்விட்டுப் பேசிய, மரம் மட்டைகூடக் கேட்டதற்குப் பதில் சொன்ன அந்தக் காலத்தில், கண்மாய்க் கரையில் ஒரு நுணாப் புதர் இருந்தது. புதருக்கு மேற்கே செம்போத்தின் வீடு. கிழக்கே வெற்றிடம். அந்த இடத்தில் குக்குறுவான் குருவி வந்து செம்பு கொட்டும் பட்டறை போட்டான். கடைக்கு வழி வேண்டுமென்று புதரை வெட்டினான். தூரோடு. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே தொடங்கிவிட்டது.

டொக். டொக். டொக். டொக்.

செம்போத்து அப்போது அடையில் இருந்தாள். போன தடவை முட்டைகளைக் கண்மாய்த் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இந்தத் தடவை இரண்டு. இதுவும் போனால் அவள் ஆள் தேறமாட்டாள். புருஷன் நத்தை பொறுக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

உட்கார்ந்தாள். டொக். எழுந்தாள். கூட்டைச் சுற்றி நடந்தாள். முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்தது. ஓடி வந்து உட்கார்ந்தாள். டொக். திரும்ப எழுந்தாள்.

இடம் மாற வேண்டியதுதானே என்பீர்கள். செம்போத்துக்கு உயரப் பறக்க வராது. முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வராது. அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

சத்தம் மட்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். கடைக்கு வந்த கூட்டம் அவள் வாசல் வரைக்கும் நின்றது. குடத்துக்கு ஒட்டுப்போட வந்த கொக்கு அவள் முற்றத்தில் கால் நீட்டியது. மைனாக்கள் கூட்டுக்குள்ளேயே தலையை விட்டன.

“ஏண்டி, ரெண்டுதானா?”

“இதென்ன, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு? நோஞ்சான் முட்டையா?”

“எங்க முட்டை அப்படியே வானத்து நீலம், தெரியுமா?”

“போங்கடி அந்தப் பக்கம்!” என்று விரட்டினாள். போவார்கள். குடம் ஆகவில்லை என்று திரும்பி வருவார்கள்.

பட்டறைக்கே போனாள்.

“ஆசாரியாரே, கொஞ்சம் விட்டு விட்டுக் கொட்டக்கூடாதா?”

“விட்டா தகடு வெறைச்சுக்கும் தாயீ. ஒரு கொட்டு மேல அடுத்த கொட்டு விழணும். இல்லேன்னா குடம் கோணும்.”

“அடையில முட்டை வெறைச்சா?”

“காதுல பஞ்சு வெச்சுக்கங்க.”

“எனக்கா, முட்டைக்கா?”

குக்குறுவான் அடுத்த கொட்டைப் போட்டான். பேசினபோதும் கை நிற்கவில்லை.

செம்போத்து நாரையாரிடம் போனாள். கண்மாய்க்கு அவர்தான் நாட்டாமை. ஒரு காலை மடக்கி, நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொன்னார்.

“கொட்டாதேன்னு சொல்ல முடியாது. ஊருக்குக் குடம் வேணும். குஞ்சும் வேணும். புதரை வெட்டினவன் மறைப்பு வைக்கட்டும். பச்சையா இருக்கணும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் தெரியக்கூடாது. நானே வந்து பார்ப்பேன்.”

நல்ல தீர்ப்புதான். வைக்க வேண்டியவன் யார்? குக்குறுவான். அவனுக்கு ஏது நேரம்? கொக்கு வீட்டில் கல்யாணம். அண்டா ஒன்று, தவலைகள், செம்புகள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினான். நாரையார் வருகிற அன்று காலையில்தான் ஞாபகம் வந்தது.

ஓடினான். புங்க மரத்தில் தழைத்த கிளைகளாகப் பார்த்து ஒடித்தான். வரிசையாக மண்ணில் குத்தினான். பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை. கிளை தீர்ந்துவிட்டது. பட்டறை வாசலில் ஒரு மொட்டைக் கம்பு கிடந்தது. கழுதை விரட்ட யாரோ ஒடித்துவந்து போட்டுவிட்டுப் போனது. இலையும் இல்லை, முள்ளும் இல்லை. அதை எடுத்தான்.

“என்னையுமா?” என்றது கம்பு.

“ஓட்டை தெரியுது. நில்லு.”

“எதுவரைக்கும்?”

“நாரையார் போறவரைக்கும்.”

கம்பு நின்றது.

நாரையார் வந்தார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடந்தார். “பச்சையா இருக்கு. ஆள் தெரியல. சரிதான்.” கம்பின் முன்னால் நின்றார். “இதென்ன மொட்டையா?”

“அது தலை எண்ணிக்கைக்குங்க” என்றான் குக்குறுவான்.

செம்போத்துக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, எதுக்கும் வேர் கிடையாது! ஒண்ணைப் பிடுங்கிப் பாருங்க!”

நாரையார் கழுத்தை வளைத்து அவளைப் பார்த்தார். “வேரைப் பத்தி நான் தீர்ப்புல சொல்லலையே, தாயி.”

பறந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? தழை வாடியது, சுருண்டது, சருகானது. மைனாக்கள் சருகை மிதித்துக்கொண்டு திரும்பவும் தலையை விட்டன. செம்போத்துக்குக் கண் மூடியே பல நாள் ஆயிற்று. உட்கார்ந்தாள், எழுந்தாள். சருகு சலசலத்தால் எழுந்தாள், சலசலக்காவிட்டாலும் எழுந்தாள்.

கல்யாண அண்டா அடிகல்லில் ஏறிய அன்று கீழ்க்காற்று. உலையிலிருந்து ஒரு பொறி கிளம்பியது. ஒன்றே ஒன்று. சருகில் விழுந்தது.

குப்பென்று பிடித்துக்கொண்டது. ஓரம் முதல் ஓரம் வரை ஒரே நெருப்பு. கொக்கு போயிற்று, மைனாக்கள் போயின. காற்று தீயைச் செம்போத்து வீட்டுப் பக்கமே தள்ளியது.

டொக்குக்கு டொக் எழுந்தவள், அன்று எழுந்திருக்கவில்லை. இறக்கை இரண்டையும் விரித்து முட்டைகள்மேல் படுத்தாள். பொறி எங்கே விழுகிறதென்று பார்க்க வேண்டும். விழுந்ததைக் காலால் தேய்க்க வேண்டும். அதனால் கண்ணை மூடவில்லை. புகை அப்படியே கண்ணில் ஏறியது. மூடவே இல்லை.

அப்போதுதான் கேட்டாள். கேட்டாள் என்றா சொல்வது? கொட்டு நின்றுபோயிருந்தது.

அண்டாவைப் பாதியில் போட்டுவிட்டுக் குக்குறுவான் வந்துகொண்டிருந்தான். காய்ச்சிய செம்பைத் தோய்க்கிற தொட்டியை அப்படியே இழுத்து வந்தான். செம்புத் தூளும் சில்லுமாகக் கலங்கிய தண்ணீர். நெருப்புக்குள் நெற்றியைக் கொடுத்துக் கவிழ்த்தான். புஸ்ஸென்று அடங்கியது. அவன் நெற்றியும் தொண்டையும் வெந்து சிவந்திருந்தன.

மூச்சு வாங்க நின்றான். “முட்டை?”

“சூடாத்தான் இருக்கு” என்றாள். கண் இரண்டும் நெருப்புத் துண்டாக இருந்தன. “அண்டா?”

“கோணிப்போச்சு.”

“கொக்கு சும்மா விடாதே.”

“விடாது.” சாம்பலைக் காலால் கிளறினான். “நாளைக்கு மண்சுவர் வெச்சுடறேன்.”

“உங்க நாளைக்கு எனக்குத் தெரியும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்நேரம் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“சுவரெல்லாம் வேண்டாம். நான் இருக்கேன்.”

மொட்டைக் கம்புதான். மேல்தோல் கருகியிருந்தது. சாயவில்லை.

“நாரையார் அன்னைக்கே போயாச்சு” என்றான் குக்குறுவான். “நீயும் போகலாம்.”

“போறதுக்கா நடுவாங்க?” என்றது கம்பு. “நட்டீங்க. இப்போ தண்ணியும் ஊத்திட்டீங்க. வேர் விட்டுடுச்சு. என் கையை ஒடிச்சு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு ஊனுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

ஒடித்தான். ஊனினான். அந்த ஒருநாள் அவன் சுத்தியலைத் தொடவில்லை.

மழை இறங்கியது. கருகிய தோல் தகடு தகடாக உரிந்தது. உள்ளே பச்சை. கணுவுக்குக் கணு துளிர்த்து, கிளைக்குக் கிளை பின்னி, இடுப்பளவு எழும்பியது. அந்தக் காலத்தில் எல்லாம் சீக்கிரம் வளரும். தொட்டித் தண்ணீரோடு குடித்த செம்புச் சில்லெல்லாம் கிளை நுனிகளில் ஏறி ஆணியாக நீட்டிக்கொண்டன.

“குறுக்கே போகலாம் வாங்கடி” என்று மைனாக்கள் வந்தன.

“சுத்திப் போங்க” என்றது வேலி.

“நீ யாரு சொல்ல?” என்று முன்னால் வந்தவள் தலையை விட்டாள். “ஐயோ!” என்று வெளியே எடுத்தாள். கண்ணோரம் தோல் உரிந்து மஞ்சளாகிவிட்டது. பிறகு எல்லாரும் சுற்றித்தான் போனார்கள்.

டொக் டொக் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கொக்குக்கு வேறு அண்டா கொடுக்க வேண்டும். ஆனால் சத்தம் இலைக்குள் நுழைந்து, தேய்ந்து, மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. செம்போத்து உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் எழப் பார்த்தாள். எட்டிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பச்சைதான் இருந்தது. திரும்ப உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அவள் வயிற்றுக்கடியில் ஓடு விரிசல் விட்ட சத்தத்தில்தான் விழித்தாள். இரண்டும் பொரிந்திருந்தன.

அன்று பிடித்துத்தான் செம்போத்துக்குக் கண் சிவப்பு, குக்குறுவானுக்கு நெற்றியும் தொண்டையும் சிவப்பு. அன்று பிடித்துத்தான் இரண்டு பேர் குரலும் நம் காதில் விழுகிறது, ஆள் தெரிவதில்லை. கடையையும் வீட்டையும் அடுத்தடுத்து வைக்கிறவர்கள் நடுவில் உயிருள்ள வேலி ஒன்று வைப்பதும் அன்று பிடித்துத்தான். ‘என் தீர்ப்பு’ என்று நாரையார் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ‘நான் ஊற்றிய தண்ணீர்’ என்கிறான் குக்குறுவான். செம்போத்தைக் கேளுங்கள். வேலிக்குள் நடந்துகொண்டே, நிற்காமல், ஒரே ஒரு பெயர்தான் சொல்வாள். அந்த மொட்டைக் கம்பின் பெயர். கிளுவை.